காலால் அரித்த குற்றம்

ஆற்றுக்கு இறங்கும் பாதையில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பொழுதுபோக்காகத் தங்கம் அரிக்க வருகிறவர்கள் எந்தக் கருவியைக் கொண்டு வரலாம், எது கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. தட்டு, கைமண்வெட்டி, வாளி, சல்லடை ஆகும். மோட்டார், பம்பு, தண்ணீரை ஓடவிட்டு அரிக்கும் வாய்க்கால் பெட்டி, தொட்டில் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், ‘கையால் இயக்கும் கருவிகள் மட்டும்.’ இத்தனை வருஷமும் அந்தப் பலகையை ஒரு குறையும் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் மர்னா. குளிர்காலத்தில் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். மற்ற மாதங்களில் வேலை கிடைத்தால் செய்வேன், கிடைக்காவிட்டால் தட்டை எடுத்துக்கொண்டு ஃப்ரேசர் ஆற்றுக்கு வந்துவிடுவேன். பணக்காரியாகலாம் என்ற நப்பாசையெல்லாம் கிடையாது. இங்கே கிடைப்பது பொடி. வெளியூர்க்காரன் பார்த்தால் தும்மியே பறக்கவிட்டுவிடுவான். ஆனாலும் தட்டின் ஓரத்தில் கருமணல் விலகி, கீழே மஞ்சளாக நாலு பொட்டு தெரியும் பாருங்கள், அதற்காகத்தான் வருகிறோம்.

ஹார்லன் என் தம்பி. மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தான். ஒருநாள் மரத்தை இழுக்கும் சங்கிலியில் சட்டை சிக்கி, இடது கை முழங்கைக்கு மேலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் வீட்டில் திரைச்சீலையை இழுத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். ஐஸ் ஹாக்கி பார்த்தான். கோடையில் ஹாக்கி கிடையாது, அப்போதும் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்த்தான். அவன் மனைவி முடிந்தமட்டும் பொறுத்தாள். பிறகு கெலோனா நகரத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானே அந்த வீட்டுக்குள் போனால் எப்போதடா வெளியே வருவோம் என்றுதான் இருந்தது.

அவனை ஆற்றுக்கு இழுத்து வர நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. வந்த முதல்நாளே எல்லாம் கெட்டது. தங்கம் அரிப்பது அரிசியில் கல் அரிப்பது மாதிரிதான், ஆனால் தட்டு நிறைய ஈரச் சரளை இருக்கும். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, குலுக்கி, சாய்த்து, மேலே உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு விட வேண்டும். ஒரு கையால் குலுக்கினால் தட்டு குடை சாயும். அவனுக்குச் சாய்ந்தது, திரும்பத் திரும்பச் சாய்ந்தது. கடைசியில் தட்டை ஆற்றில் வீசிவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குப்பைக் கிடங்குக்குப் போனேன். அங்கே யாரோ போட்டுவிட்டுப் போன ஆடும் நாற்காலி ஒன்று கிடந்தது. அதன் வளைந்த அடிக்கட்டைகள் இரண்டையும் அறுத்து எடுத்தேன். மேலே தட்டு உட்கார ஒரு இரும்பு வளையம், பக்கத்தில் காலால் மிதிக்க ஒரு பலகை. அவ்வளவுதான். ஹார்லன் கல்லில் உட்கார்ந்து காலால் மிதிப்பான், தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். இருக்கிற வலது கையால் தண்ணீரை அள்ளி விடுவான், விளிம்பைச் சாய்ப்பான். நாலைந்து தடவை தப்பிப் போனது. அதற்கப்புறம் மஞ்சள் தெரிந்தது. அவன் சிரிக்கவில்லை. நல்ல நீளமான கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். விபத்துக்கு அப்புறம் அவன் சந்தோஷமாகத் திட்டியது அதுதான் முதல் தடவை. நான் வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினேன்.

அதிலிருந்து அவனே என்னை எழுப்ப ஆரம்பித்தான். விடிந்ததும் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பான். வளைவில் பெரிய பாறைக்குப் பின்னால் ஒரு இடம் பிடித்தான். தண்ணீர் வற்றினால் அடிப்பாறையில் தங்கப்பொடி தங்கும் ஒரு விரிசல் வெளியே தெரியும் இடம் அது. அவன் வீட்டுத் திரைச்சீலை திறந்திருந்தது. இதைத்தான் நான் காப்பாற்ற நினைத்தேன், வேறொன்றும் இல்லை.

வெண்டல் என்று ஒருவர் எங்களுக்குக் கொஞ்சம் மேலே உட்காருவார். கட்டட அனுமதி கொடுக்கும் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். உன் வீட்டுப் படி அரை அங்குலம் உயரம், இடித்துக் கட்டு என்று சொல்லியே காலம் தள்ளிய மனுஷன். மடக்கு நாற்காலி, குடை, காப்பி பிளாஸ்க், எல்லாம் ஒரு ஒழுங்கில் இருக்கும். அவர் கையில் ஆரஞ்சு நிறத்தில் பாட்டரி போட்ட ஒரு உறிஞ்சி உண்டு. கார் சீட்டைச் சுத்தம் பண்ணுகிறோமே, அந்த மாதிரி. பாறை விரிசலில் குழாயைச் செருகி பொத்தானை அழுத்தினால் மணலோடு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும்.

ஆற்றில் எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. இன்னொருவர் தோண்டிய குழியில் கை வைக்கக்கூடாது. எவ்வளவு கிடைத்தது என்று கேட்கக்கூடாது. வெண்டல் கேட்டார். ஒருநாள் காப்பியும் கையுமாக இறங்கி வந்து, “என்ன ஹார்லன், வேட்டை பலமா?” என்றார். இப்படிக் கேட்டால் ‘ஏதோ நாலு பொடி’ என்று சொல்ல வேண்டும். எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். என் தம்பி, மடையன், பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துக் காட்டினான்.

“குப்பியோட அடி மறைஞ்சிருச்சு பாருங்க. எல்லாம் அந்த விரிசல்ல இருந்துதான்.”

வெண்டல் குப்பியைப் பார்த்தார், விரிசலைப் பார்த்தார், பிறகுதான் நான் செய்த மிதிசட்டத்தைப் பார்த்தார். அதுவரை அது அவர் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னிடம் வந்தார்.

“மர்னா, அது தொட்டில்.”

“எது?”

“உன் தம்பி காலால ஆட்டுறாரே, அது. தொட்டில் கூடாதுன்னு பலகையில இருக்கு.”

தொட்டில் என்பது இங்கே பழைய காலத்துப் பெட்டி. மேலே சரளையைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, பிடியைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால் ஒரு மேட்டையே கரைத்துவிடும். அதைத் தடுத்தது சரிதான், நானே கை தூக்குவேன்.

“தொட்டில்னா பெட்டி இருக்கும், உள்ள படி படியா இருக்கும், விரிப்பு இருக்கும். இதுல இருக்கிறது ஒரு தட்டு. நீங்க வச்சிருக்கிற அதே தட்டு.”

“ஆடுதில்ல?”

“என் பல்லும்தான் ஆடுது.”

“விளையாட்டு இல்ல மர்னா. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“அப்ப உங்க கையில இருக்கிறது? அதுல மோட்டார் இருக்கே.”

அவர் அதைத் தூக்கிக் காட்டினார். கொஞ்சம்கூட முகம் மாறவில்லை. “இது கைக்கருவி. கையில புடிச்சிருக்கேன் பாரு.”

பனி தள்ளும் லாரியையும் கையால்தான் ஓட்டுகிறேன், நாளைக்கு அதையும் ஆற்றில் இறக்கலாமா என்று கேட்க வேண்டும் என வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை ஆற்றைக் கண்காணிக்கும் அதிகாரி வந்தான். காட்டுத்தீப் புகையில் மலை பாதி மறைந்திருந்தது. பாதையில் பச்சைச் சட்டை தெரிந்ததுமே வெண்டல் நாற்காலியிலிருந்து எழுந்து கையை ஆட்டினார். யார் போன் பண்ணியது என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருந்தான். சட்டையில் ‘ரீஸ்’ என்று பெயர். பேச்சில் அத்தனை மரியாதை. சத்தம் போடுகிறவனாக இருந்தால் திருப்பிச் சத்தம் போடலாம். இவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசினான், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும். இந்தக் கருவியை இங்க உபயோகிக்க முடியாது.”

ஹார்லன் மிதிப்பதை நிறுத்தினான். “ஏன்?”

“தொட்டில் வகையில வருது சார். அது தவிர, கையால இயக்குறது மட்டும்தான் அனுமதி. இது…” அவன் ஹார்லனுடைய காலைப் பார்த்தான், பிறகு மடித்து ஊக்குக் குத்திய சட்டைக்கையைப் பார்த்தான், பிறகு ஆற்றைப் பார்த்தான். “இது கையால இல்ல.”

“அந்த விதி எதுக்குப் போட்டாங்க தம்பி?” என்று நான் கேட்டேன்.

“கரை சரியக்கூடாது, மீன் முட்டை அழியக்கூடாது, அதுக்குத்தான் மேடம்.”

“என் தம்பி கால் பட்டு எந்த மீன் முட்டை அழிஞ்சுது? அங்க பாரு, அவர் கையில ஒரு உறிஞ்சி இருக்கு. இடுக்குல இருக்கிறது எல்லாத்தையும் இழுக்குது. அதுல மோட்டார் இருக்கு. மோட்டார் கூடாதுன்னும் பலகையில இருக்கு.”

ரீஸ் மேலே பார்த்தான். வெண்டல் உறிஞ்சியைக் குழந்தையை வைத்திருப்பது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

“கைக்கருவி,” என்று அங்கிருந்தே சொன்னார்.

“மேடம், மோட்டார்னா பெட்ரோல்ல ஓடுறதா, பாட்டரியும் சேர்த்தியான்னு விதியில தெளிவா இல்ல. மேல கேட்டு எழுதியிருக்கோம். பதில் வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் பண்ண முடியாது. தொட்டில் தெளிவா இருக்கு.”

இரண்டு கையும் உள்ளவன் மோட்டார் வைத்துக்கொள்ளலாம், அவனுக்காகச் சட்டம் உட்கார்ந்து யோசிக்கும். ஒரு கை இல்லாதவன் உடைந்த நாற்காலிக் கட்டையை மிதித்தால் சட்டத்துக்கு எல்லாம் தெளிவாகிவிடும். இதை நான் உரக்கவே சொன்னேன். இடையில் வேறு சில வார்த்தைகளும் சேர்ந்துகொண்டன. கீழே அரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனது.

“அக்கா, சும்மா இரு,” என்றான் ஹார்லன். பிறகு ரீஸிடம், “வேற வழி என்ன இருக்கு?” என்று கேட்டான். ரொம்பப் பொறுமையாகத்தான் கேட்டான்.

“விலக்கு கேட்டு மனு போடலாம் சார். உடல் ஊனம் உள்ளவங்களுக்குன்னு தனியாப் பரிசீலிப்பாங்க. எப்படியும் அடுத்த வசந்தம் ஆயிடும்.”

“வசந்தத்துல பனி உருகி இந்தப் பாறை தண்ணிக்கு அடியில இருக்கும்.”

“தெரியும் சார்.” அவனுக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது. அந்தச் சங்கடத்தில்தான் அதைச் சொன்னான். “இல்லேன்னா மேடம் கையால அரிக்கட்டும். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்க்கலாமே.”

என் தம்பி எழுந்து நின்றான். ஆலையில் மரக்கட்டை தூக்கிய உடம்பு, நின்றால் ரீஸை விட ஒரு தலை உயரம்.

“பார்க்கிறதா? பார்க்கிறதுக்கு எங்க வீட்ல டிவி இருக்கு. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் செத்துக்கிட்டு இருந்தேன்.”

“நான் அந்த அர்த்தத்துல சொல்லல சார்…”

“எந்த அர்த்தத்துல சொன்னா என்ன? நான் இங்கதான் உட்காருவேன், இப்படித்தான் அரிப்பேன். நீ என்ன பண்ணணுமோ பண்ணு.”

“அபராதச் சீட்டு எழுத வேண்டியிருக்கும்.”

“எழுது.”

“என் பேர்ல எழுது,” என்று நான் குறுக்கே போனேன். “செஞ்சது நான். அறுத்தது, ஆணி அடிச்சது எல்லாம் நான். அவனை விட்டுரு.”

“அக்கா, வாயை மூடு. இது என் கால்.”

அப்படி ஒரு குரலை அவனிடம் நான் கேட்டதில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ரீஸ் சீட்டுப் புத்தகத்தை எடுத்தான். பெயர், விலாசம், பிறந்த தேதி கேட்டான். குற்றம் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு ‘அனுமதிக்கப்படாத கருவி’ என்று எழுதினான்.

“ஏன் அனுமதிக்கப்படாததுன்னும் எழுது,” என்றேன். என் வாய் அவ்வளவு நேரம்தான் தாங்கும். “கையால இயக்காம காலால இயக்கினார்னு எழுது. கை இல்லாததாலன்னு எழுது.”

“அதுக்கு இடம் இல்ல மேடம்.”

“ஓரத்துல எழுது.”

அவன் எழுதவில்லை. புத்தகத்தை ஹார்லனிடம் நீட்டினான். “இங்க ஒரு கையெழுத்து சார்.”

எங்கள் பள்ளத்தாக்கில் மதியத்துக்கு மேல் காற்று கீழேயிருந்து மேலே ஏறி அடிக்கும். கல்லில் வைத்த தொப்பி நிற்காது. ஹார்லன் பேனாவை வாங்கினான். புத்தகம் ரீஸின் கையிலேயே இருந்தது, மெல்லிய தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. எழுதப் போனால் தாள் பேனாவின் மேலேயே மடிந்து விழுந்தது. ரீஸ் இன்னொரு கையால் தாளை அழுத்திப் பிடித்தான்.

“கையை எடு,” என்றான் ஹார்லன்.

“காத்து அடிக்குது சார். நான் புடிச்சுக்கிறேன், நீங்க போடுங்க.”

“வேண்டாம். எனக்கு யார் கையும் வேண்டாம். புத்தகத்தைக் கீழ வை.”

ரீஸ் என்னைப் பார்த்தான். நான் ஏன் அவனுக்கு உதவ வேண்டும்? அவன் குனிந்து, தட்டையான ஒரு கல்லின் மேல் புத்தகத்தை வைத்தான். வைத்த உடனேயே காற்றில் தாள்கள் விசிறின. ஹார்லன் தன் ரப்பர் பூட்ஸ் காலைத் தூக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட, புத்தகத்தின் மேல் பாதியில் வைத்து அழுத்தினான். தாள் அசையாமல் நின்றது. அப்படியே இடுப்பை வளைத்துக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப்பெயரையும் எழுதினான். அவசரமே படவில்லை. மேலே வெண்டல் நாற்காலியை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார். தள்ளிப் போன குடும்பமும் திரும்பி நின்று பார்த்தது.

எழுதி முடித்தும் காலை எடுக்கவில்லை.

“தம்பி, இது செல்லுமா?”

“எது சார்?”

“இந்தக் கையெழுத்து. காலால புடிச்சுக்கிட்டுப் போட்டது. செல்லுமா, செல்லாதா?”

“செல்லும் சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி நிக்கிறேன். கால் உபயோகிச்சுப் போட்டதுதான், கையெழுத்தே இல்லைன்னு சொன்னா?”

“அதெல்லாம் இல்ல சார். நீங்கதான் போட்டீங்க. நான் பார்த்தேன். செல்லும்.”

ஹார்லன் தலையை ஆட்டினான். காலை எடுத்தான். சீட்டின் மேல் பாதியில் பூட்ஸ் தடம் ஈரமாகப் பதிந்திருந்தது. அவன் புத்தகத்தை எடுத்து ரீஸின் கையில் கொடுத்து, பேனாவையும் அவன் சட்டைப்பையில் செருகினான்.

“அப்ப உன் சீட்டுக்கு மட்டும் என் கால் கையாயிடும்,” என்றான். “தட்டுக்குத்தான் ஆகாது.”

ரீஸுக்குக் காது ரெண்டும் சிவந்து போனது.

ஹார்லன் தண்ணீருக்குள் இறங்கி, தன் கல்லில் உட்கார்ந்து, ஒரு மண்வெட்டி சரளையைத் தட்டில் போட்டான். மிதிக்க ஆரம்பித்தான்.

“பாருங்க, பாருங்க, சீட்டு எழுதின பிறகும் செய்யறாரு,” என்று மேலேயிருந்து வெண்டல் கத்தினார். “பறிமுதல் பண்ணுங்க. உங்க கண்ணெதிர்ல செய்யறாரு.”

நான் ரீஸுக்கும் மிதிசட்டத்துக்கும் நடுவில் போய் நின்றேன். எடுப்பதானால் என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அவன் எடுக்க வரவில்லை. கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான், பூட்ஸ் தடத்தைக் கட்டைவிரலால் துடைத்தான், அது தாளில் இன்னும் பரவியது.

“நாளைக்கும் வா தம்பி,” என்றான் ஹார்லன், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதுக்கு மறுநாளும் வா. எத்தனை சீட்டு வேணும்னாலும் எழுது. எல்லாத்துலயும் இப்படித்தான் கையெழுத்துப் போடுவேன்.”